சண்டை ஆரம்பிச்சிருச்சு

ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
குளிரூட்டியின் இரைச்சலில்
பாதிச் சொற்கள் என்னிடம் வருமுன்பே விறைத்துவிடும்.
மீதியைத் தூக்கிக்கொண்டு
சாட்சிக்கும் நீதிபதிக்கும் நடுவே
நாளெல்லாம் நடப்பது என் வேலை.

இன்றைக்கு வந்தவர் சன்னாசி.
செகாம்புட் டயர்க் கடையில் பதினோரு வருஷம்.
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"தே குடிச்சிட்டு இருந்தோம்மா.
ஒரு நட்டு காணாம போச்சு.
பேச்சு வந்துச்சு.
சண்டை ஆரம்பிச்சிருச்சு."

பெர்மூலா, என்று மலாயில் சொன்னேன்.
காய்ச்சல் போல,
நாலு மணி மழை போல,
தானாக வந்து இறங்கிய சண்டை.

அரசு வழக்கறிஞர் விடவில்லை.
அவருக்கு வேண்டியது மெமூலாகான்.
யார்? எந்தக் கை?
மலாயில் அந்தக் கை
சொல்லின் வாலில் 'கான்' என்று ஒட்டிக்கொள்ளும்.
தமிழில் அது வயிற்றுக்குள் இறுகும்:
அடங்கு என்பதை அழுத்தினால் அடக்கு,
திரும்பு என்பதைத் தோளைப் பிடித்து இழுத்தால் திருப்பு.
மூக்கால் முனகிக்கொண்டிருந்த எழுத்து
ஒருவர் உள்ளே நுழைந்ததும்
கல்லாகிவிடுகிறது.
தொடங்கு. தொடக்கு.

"யாரு சண்டையத் தொடக்குனது?" என்றேன்.
"தொடக்குனதுன்னா?"
"ஆரம்பிச்சு வச்சது."
"ஆரம்பிச்சு வைக்க
அது என்னம்மா, குத்துவிளக்கா?"

பின்வரிசையில் நம் ஆட்கள் சிரித்தார்கள்.
நீதிபதி என்னைப் பார்த்தார்.
ஒரு சிரிப்பை மலாயில் சொல்லுவதற்கு
எனக்கு எட்டு வாக்கியம் ஆனது,
கடைசி வரை அது சிரிப்பாகவும் இல்லை.

சரி என்று,
"யாரு ஸ்டார்ட் பண்ணுனது?"

அது உடனே புரிந்தது.
ஷட்டர் இறங்குவது போல முகம் மூடிக்கொண்டது.
குற்றவாளிக் கூண்டில் இருந்தவன்
அவர் கையால் ஜாக்கி பிடிக்கக் கற்றவன்.
தையல் போட்ட புருவத்தோடு முன்வரிசையில் இருந்தவன்
அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவன்.
தொப்பி ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்குப் போனது.

"ஆரம்பிச்சிருச்சும்மா.
அவ்வளவுதான்."

பள்ளிக்கூடம் பாதியில் விட்ட மனுஷன்.
எழுவாயே இல்லாத ஒரு வினைக்குள்
இரண்டு பையன்களை ஒளித்துவைத்துவிட்டு
வெளியே காவல் நிற்கிறார்.
நான் உண்மையைத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.
பெர்மூலா, என்றேன் மறுபடி.
வழக்கறிஞர் பேனாவை மேசையில் போட்டார்.
பேனா விழுந்தது என்றும் சொல்லலாம்.

வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது.
தள்ளிப் போட்டார்கள்.
இப்படித்தான், ஒரு முறை காதில் ஏறிவிட்டால்
எந்த வாக்கியமும் சும்மா உட்கார விடாது.

மோட்டார் நிறுத்துமிடத்தில் மழை.
ஹெல்மெட்டுக்குள் தண்ணீர்.
மிதித்தேன். கிளம்பவில்லை.
இன்னும் மிதித்தேன். இருமியது, அணைந்தது.
காவல்கூண்டிலிருந்து ஒருவர்
ச்சோக்கை இழுக்கச் சொல்லிக் கத்தினார்.

பட்டர்வொர்த்தில் என் தங்கை புனிதவதி.
நாலு வருஷம்.
கேட்பவர்களுக்கு நான் சொல்லுவது:
"பேச்சு நின்னு போச்சு."
நகைக் கணக்கு, அப்பாவின் வங்கிப் புத்தகம்,
நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை,
எல்லாம் சேர்ந்து
ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நிற்பது போல நின்றுபோனதாம்.
நிறுத்தியது யார் என்று
சத்தியம் வாங்கிக்கொண்டு யாரும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் எனக்கு
மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

கூரையடியில் ஒதுங்கினேன்.
கைப்பேசியில் அவள் பெயர் இன்னும்
வீட்டில் கூப்பிடும் பெயராகவே இருக்கிறது, பூனி.
எதிர்ப்புறம் சன்னாசி
பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடுகிறார்.
அவருக்குப் பின்னால்
தையல் போட்டவன், குடையோடு.

பட்டனைத் தொட்டேன்.
எங்கோ ஒரு அடுப்படியில்,
அரிசி களைகிற சத்தத்துக்கு நடுவே
மணி அடிக்கிறது.

அடிக்கிறேன்.